குதிரையிட்ட "சுகம்" எண்டு பொய் சொல்ல ஏலாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கட ஞாயிறு பேப்பர்ல மனச்சோர்வு, தனிமை, வயசான ஆக்கள்ட பிரச்சினை எல்லாம் அடிக்கடி வருது, நான் ஒண்டும் விடாம வாசிக்கிறனான். நல்ல விஷயம்தான். ஆனா எந்தக் கட்டுரையைப் பார்த்தாலும் கடைசியில "மனம் விட்டுக் கதையுங்கோ" எண்டுதான் வந்து நிக்குது. அப்ப கதைக்க ஏலாத ஆக்கள் என்ன செய்யிறது? வாயைத் திறந்தா "ஓம் சுகம், இருக்கிறம்" எண்டதுக்கு மேல ஒண்டும் வராத ஆக்கள் வெள்ளவத்தையில ஒரு லேனுக்கு பத்துப் பேர் இருக்கினம், நானும் அதில ஒராள். அதால இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டிப் போடுறதெண்டா போடுங்கோ, ஆனா குதிரைக் கதையை மட்டும் வெட்டிப் போடாதேங்கோ.

என்ட அவர் 2021 ஆகஸ்ட்ல கொரோனாவில போனவர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க கையாட்டினவர், அவ்வளவுதான். பிறகு எல்லாம் போன்லதான். சுடலைக்கு ரெண்டு பேர்தான் வரலாம் எண்டவை, என்ட தம்பியும் பெறாமகளும் போனவை, நான் பொசிட்டிவ் எண்டபடியால் வீட்டை பூட்டிக்கொண்டு இருந்தனான். செத்தவீடு நடக்கேல்லை. பறை இல்லை, வாய்க்கரிசி இல்லை, எட்டுச்செலவுக்கு நான் தனிய சமைச்சு தனிய படைச்சனான். அந்தியேட்டி சூம்ல. ஐயர் மந்திரம் சொல்ல சொல்ல கனடாவில இருக்கிற மகள்ட படம் நிண்டு நிண்டு போகுது, பேந்து வருது, அவள் அழுகிறாளோ நெட்வேர்க் போட்டுதோ எண்டு எனக்கு விளங்கேல்லை.

முந்தி எங்கட செத்தவீட்டில ஆக்கள் வந்து என்ன சொல்லுவினம்? யோசிச்சுப் பாருங்கோ. ஒண்டும் சொல்ல மாட்டினம். வந்து, கையைப் பிடிச்சிட்டு, பந்தலுக்குள்ள ஒரு கதிரையில ஒரு மணித்தியாலம் இருப்பினம், ஆரும் ஒரு பிளேன்ரீ குடுத்தா குடிப்பினம், போகேக்க "போட்டு வாறன்" எண்டும் சொல்லாம எழும்பிப் போவினம். அந்த சும்மா வந்து இருக்கிறதுதான் மருந்து. அது எனக்குக் கிடைக்கேல்லை. மூண்டாம் மாடி பிளாட், ரெண்டு கதவு, மூண்டு பூட்டு, காலி வீதி வாகனச் சத்தம். ஆக்கள் போன் எடுப்பினம், "எப்பிடி இருக்கிறீங்கள்?" எண்டு கேப்பினம், நான் "சுகம்" எண்டுவன், அவையும் நிம்மதியா வைச்சிடுவினம்.

ரெண்டு வருஷம் இப்பிடிப் போச்சு. நித்திரை இல்லை, கை நடுக்கம், சோறு அவிச்சா அது மூண்டு நாளைக்குக் கிடக்கும். டொக்டரிட்ட போய் குளிசை எடுத்தனான், இப்பவும் எடுக்கிறன், அதில வெக்கப்பட ஒண்டுமில்லை. கவுன்சலிங் ஒண்டுக்கும் போனனான், நல்ல பிள்ளைதான், ஆனா இங்கிலிஷ்ல கேட்டா. எனக்கு இங்கிலிஷ் தெரியும், 28 வருஷம் ஒபிஸ்ல வேலை செய்தனான், கணக்கு வழக்கு கடிதம் எல்லாம் எழுதுவன், ஆனா அவர் செத்ததை நான் இங்கிலிஷ்ல எப்பிடி சொல்லுறது? "ஹஸ்பண்ட் பாஸ்ட் அவே" எண்டு சொன்னா ஏதோ பக்கத்து வீட்டுக்காரற்ற செய்தி மாதிரி இருந்தது. நாலு தரம் போயிட்டு விட்டிட்டன்.

அப்பத்தான் பெறாமகள் வந்து, "பெரியம்மா, சனிக்கிழமை காலமை என்னோட ஒரு இடத்துக்கு வாங்கோ, ஒண்டும் கதைக்கத் தேவையில்லை, குதிரையளோட நிக்கிறதுதான்" எண்டாள். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. குதிரையோ? கொழும்பு ஆக்களுக்கு குதிரை எண்டா ஒண்டில் நுவரெலியா ஏப்ரல் சீசன் ரேஸ், இல்லாட்டி சுதந்திர தின அணிவகுப்பில போலிஸ்காரர் வாற குதிரை. ரீட் அவெனியூ ரேஸ்கோர்ஸ்லயே இப்ப குதிரை இல்லை, 1942ல யுத்த விமானம் ஏத்தி இறக்கின இடம், இப்ப ரக்பியும் கடையளும். வசதியான வீட்டுப் பிள்ளையள் பூட்ஸ் போட்டு ஓடப் பழகிற சாமான், எங்களுக்கென்னத்துக்கு எண்டு கேட்டனான்.

ஆனா பிறகு இரவு படுத்திருக்கேக்க யோசிச்சன், குதிரை எங்களுக்கு அந்நியமில்லையே. என்ட அம்மா நெடுந்தீவு. சின்னனில குறிகாட்டுவானில வள்ளம் ஏறி, சத்தி எடுத்து எடுத்துப் போய் இறங்கினா, முருகைக்கல் மதிலுக்கு அங்கால வெளியில அதுகள் கூட்டமா நிக்கும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரையள்ட வழி வந்ததுகள், பிறகு வெள்ளைக்காரன் காலத்தில நோலன் எண்ட அதிகாரி அங்க குதிரை வளர்ப்பை நடத்தினவர், லாயத்துத் தூண்கள் இன்னும் நிக்குது. அம்மம்மா சொல்லுவா, "கிட்டப் போகாதை, அது உன்னைப் பார்க்கும், நீ அதைப் பார், அது காணும்" எண்டு. இப்ப அதுக்கு காசு வாங்கி வகுப்பு நடத்தினம்.

மற்றது மாவிட்டபுரம். குதிரை முகத்தோட இருந்த சோழ ராசகுமாரி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தண்ணியில குளிச்சு முகம் மாறின கதை எங்களுக்கு பள்ளிக்கூடத்துக்கு முதலே தெரியும், மா விட்ட புரம், குதிரை முகம் விட்டுப் போன ஊர். அவவுக்கு குதிரை போக வருத்தம் மாறினது, எனக்கு குதிரையிட்டப் போகச் சொல்லினம் எண்டு நினைச்சு தனிய சிரிச்சன். கன காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. சரி, போவம் எண்டு காலமை எழும்பிட்டன்.

பாமன்கடையில 120 பஸ் ஏறி பிலியந்தலைக்கு அங்கால இறங்கி, பிறகு ஒரு த்ரீவீலர். தென்னங்காணி, சின்னக் குளம், தகரக் கூரை போட்ட லாயம், நாலு குதிரை, ஒரு மட்டக்குதிரை, ரெண்டு நாய். ஆக்கள் ஏழு பேர். ஒட்டிசம் உள்ள மகனோட வாற ஒரு தாய், தெஹிவளையில இருந்து ஒரு முஸ்லிம் அன்ரி, பாங்க்ல வேலை செய்யிற ஒரு பெடியன், லிப்ட்டுக்குள்ள ஏறினா அவனுக்கு மூச்சு முட்டுமாம், முந்தி ஆமியில இருந்த ஒரு ஆள், நான், பெறாமகள். நடத்துறது ஒரு சிங்களப் பிள்ளை, உளவளத்துணை படிச்சவ, குதிரையளைப் பார்க்க இன்னொரு ஐயா, அவர் சின்ன வயசில இருந்து லாயத்திலதான். ஆக்களைப் பார்க்க ஒராள், குதிரையைப் பார்க்க ஒராள், இப்பிடி ரெண்டு பேர் கட்டாயம் நிக்க வேணுமாம். பேந்து ஒரு நாள் ஏன் எண்டு எனக்கு விளங்கினது, அந்த ஐயா திடீரெண்டு "மிஸ், இப்ப ரெண்டு அடி பின்னுக்கு வாங்கோ" எண்டார், ஒரு நிமிஷத்தில அந்த இடத்தில குதிரை காலை உதறினது.

ஓடுறதில்லை, ஏறுறதே இல்லை. அதை முதல்ல சொல்லிட வேணும், ஏனெண்டா நான் சொன்ன எல்லாரும் "இந்த வயசில குதிரை ஓடுறீங்களோ" எண்டு கேட்டவை. வேலிக்கு வெளிய நிண்டு தொடங்கிறது. அஞ்சு நிமிஷம், கால் நிலத்தில படுதோ, தோள் எவ்வளவு உயரத்தில நிக்குது, மூச்சு எங்க நிக்குது எண்டு பார்க்கிறது. இதுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் எண்டு பேர். என்ட ஐயா இருந்தா "சும்மா இரு" எண்டு ரெண்டு சொல்லில முடிச்சிருப்பார். பிறகு உள்ள போறது. நேர முன்னாலயும் போகக் கூடாது, பின்னாலயும் போகக் கூடாது, ரெண்டும் அதுக்குக் குருட்டுப் பக்கம், கண் தலையின்ட ரெண்டு கரையிலயும் இருக்கிறபடியால் மிச்ச உலகம் முழுக்க அதுக்குத் தெரியும், மூக்குக்கு முன்னால நிக்கிற ஆளைத் தெரியாது. தோள்ப் பக்கமா, மெல்லமா, கையின்ட புறத்தைக் காட்டி மணக்க விட வேணும். மணந்து பார்த்து தலையைத் திருப்பினா சரி, இண்டைக்கு வேண்டாமாம் எண்டு விளங்கி மற்றப் பக்கம் போக வேணும். அதில கோவிக்க ஏலாது.

அடுத்தது ரப்பர் சீப்பால தேய்க்கிறது. வட்டமா, கழுத்தில தொடங்கி முதுகு, வயிறு. தேய்க்க தேய்க்க மயிரும் தூசியும் பறக்கும், கறுப்பு சட்டை போட்டு போனா கதை முடிஞ்சுது. ஒரு நாள் அந்தச் சிங்களப் பிள்ளை டொக்டர்மார்ட ஸ்டெதஸ்கோப் கொண்டு வந்து, இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால வைச்சு கேக்கச் சொன்னா. டொக்... பேந்து ஒண்டுமில்லை... டொக். நிமிஷத்துக்கு 36 எண்ணினன். ஆறுதலா நிக்கிற குதிரைக்கு 28ல இருந்து 44க்குள்ள அடிக்குமாம். என்ட நாடியைப் பார்த்தா 94, சும்மா நிக்கேக்கையே. பாங்க் பெடியனுக்கு 110. அவன் வாயில கைவைச்சு சிரிச்சான், "நான் இப்ப ஓடிக்கொண்டு நிக்கிறன் அன்ரி" எண்டான். எல்லாரும் மாறி மாறி வைச்சுக் கேட்டம், ஒட்டிசம் பிள்ளை மட்டும் குழாயைத் திருப்பிக் குடுக்கவே இல்லை, கால் மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், தாய் சொன்னா அவன் ஒரு இடத்தில அவ்வளவு நேரம் நிக்கிறதே இல்லையாம்.

எனக்கு வாய்ச்ச குதிரைக்குப் பேர் சுதி. சிங்களத்தில வெள்ளைக்காரி எண்ட மாதிரி ஒரு செல்லப் பேர், எங்கட காதுக்கு சுருதி சேர்க்கிற சுதி. வெள்ளை நிறம், வயசு போனது, முந்தி நுவரெலியாவில ரேஸ் ஓடினதாம். நான் கிட்டப் போக போக அது விலகும். ஆரும் என்னோட அப்பிடிச் செய்ததில்லை, நான் ஆக்களோட நல்ல மாதிரி, சிரிச்ச முகம் எண்டு பேர் எடுத்தவள். மூண்டு கிழமை இப்பிடி. நாலாங்கிழமை அந்தப் பிள்ளை எனக்குக் கிட்ட வந்து, அரைகுறைத் தமிழில, "அன்ரி, சிரிக்க வேண்டாம். இங்க சிரிக்கத் தேவை இல்ல" எண்டா.

எனக்கு முதல்ல கோவம் வந்தது. வீட்ட வந்து அதைப் பற்றி வாசிச்சன். நூறு வருஷத்துக்கு முந்தி ஜேர்மனியில ஹான்ஸ் எண்டு ஒரு குதிரை, கணக்குச் செய்யும் எண்டு பேர் எடுத்தது, மூண்டும் நாலும் எவ்வளவு எண்டு கேட்டா குளம்பால ஏழு தரம் தட்டும். ஒஸ்கார் பிஃபுங்ஸ்ட் எண்ட ஆராய்ச்சியாளர் 1907ல அதைச் சோதிச்சுப் பிடிச்சிட்டார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது, ஏழு தட்டி முடியேக்க கேட்ட ஆள்ட முகத்திலயும் தலையிலயும் வாற அந்தச் சின்ன அசைவை அது வாசிக்குது, கேட்ட ஆளுக்கே தெரியாது தான் அசைஞ்சதெண்டு. எல்லாரும் "குதிரை ஏமாத்தினது" எண்டு எழுதினவையாம். எனக்கெண்டா கணக்குச் செய்யிறதை விட அது பெரிய விஷயம். பிறகு 2016ல இங்கிலாந்தில சசெக்ஸ் யூனிவர்சிட்டி ஆக்கள் 28 குதிரையளுக்கு ஆக்கள்ட கோவ முகப் படமும் சிரிச்ச முகப் படமும் காட்டிப் பார்த்திருக்கினம், கோவ முகத்தைக் கண்டா அதுகள் கூடுதலா இடக்கண்ணாலதான் பார்த்ததாம், நெஞ்சும் கெதியா அடிக்கத் தொடங்கினதாம். ஆக, முகத்தை வாசிக்கிற சீவன். இரையா இருந்து பழகின மிருகம், புலி சிரிச்சுக்கொண்டு வந்தாலும் அதுக்கு புலிதான். முகம் ஒண்டு சொல்ல உடம்பு இன்னொண்டு சொல்லுற ஆளைக் கண்டா அது தள்ளி நிக்கும். இது என்ட விளக்கம், பிழையா இருந்தா படிச்ச ஆக்கள் எழுதுங்கோ. ஆனா அடுத்த சனிக்கிழமை நான் சிரிக்காமப் போனனான், முகத்தைக் கழட்டி பஸ்ஸிலயே வைச்சிட்டுப் போன மாதிரி. சுதி விலகேல்லை.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேணும். பக்கத்து வளவில ஏதோ கலியாண வீடு, சொல்லாமக் கொள்ளாம சீன வெடி கொளுத்திப் போட்டினம். அஞ்சு குதிரையும் ஒரே நேரத்தில தலையைத் தூக்கி, காதை நிமித்தி, பத்துப் பதினைஞ்சு யார் தூரம் பாய்ஞ்சு ஓடினது. முஸ்லிம் அன்ரி "யா அல்லாஹ்" எண்டு என்ட கையைப் பிடிச்சா. நான் எப்பிடி நிண்டனான் எண்டு எனக்குத் தெரியாது, பெறாமகள்தான் பிறகு சொன்னவள், தலையைக் கையால மூடிக்கொண்டு பாதி குந்தியிருந்தனானாம். 95ல யுத்தத்தால இடம்பெயர்ந்து வந்த ஆள் நான், வெடிக்கு உடம்பு கேக்காமலே குனியும். நிமிர்ந்து பார்த்தா எனக்கு நேர எதிர்ல அந்த ஆமிக்காரரும் அப்பிடித்தான் குனிஞ்சபடி நிக்கிறார்.

குதிரையள் என்ன செய்ததுகள் தெரியுமோ? ஓடி, நிண்டு, திரும்பிப் பார்த்து, மூக்கால ஒரு பெரிய மூச்சு விட்டு, வாயைச் சப்பிப் போட்டு, தலையைக் குனிஞ்சு புல்லுத் தின்னத் தொடங்கிட்டுதுகள். ரெண்டு நிமிஷம் வராது. வெடி முடிஞ்சுது, பயமும் முடிஞ்சுது. நாங்கள் ரெண்டு பேரும் இன்னும் தோளைக் காது வரைக்கும் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறம், முப்பது வருஷமா. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தன், ரெண்டு பேருக்கும் வெக்கமா ஒரு சிரிப்பு வந்தது. "அக்கே, குதிரைக்கு மூளை இருக்கு" எண்டார் சிங்களத்தில. அவ்வளவுதான் நாங்கள் கதைச்சது. தயவு செய்து இதுக்கு நல்லிணக்கம், கில்லிணக்கம் எண்டு ஒருத்தரும் பேர் வைச்சு மேடையில சொல்லாதேங்கோ. அவர் எங்க எங்க இருந்தவர் எண்டு நான் கேக்கேல்லை, கேக்கவும் மாட்டன். அந்த வேலிக்குள்ள ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம் எண்டது மட்டும் தெரியும்.

கடைசியில நான் அழுதது ஒன்பதாவது கிழமை. காரணமே இல்லை. சுதியின்ட கழுத்தைத் தேய்ச்சுக்கொண்டு நிக்கேக்க, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒரு பின்னங்காலை மடிச்சு ஆறுதலா நிண்டுது, குதிரை நிண்டபடியே தூங்குமாம், காலில அதுக்கொரு பூட்டு மாதிரி இருக்காம். எனக்கு அவர் ஞாபகம் வந்திட்டுது, சுவரில சாய்ஞ்சு ஒரு காலை மடிச்சுக்கொண்டு நிண்டபடி பேப்பர் வாசிப்பார். உங்கட பேப்பர்தான். அழத் தொடங்கினன், நிப்பாட்ட ஏலேல்லை, சத்தம் போட்டு, ஒப்பாரி மாதிரி.

படத்தில மாதிரி குதிரை வந்து தோளில தலையை வைக்கேல்லை. கண்ணீரைத் துடைக்கேல்லை. காதை ஒருக்கா என்ட பக்கம் திருப்பினது, பேந்து முன்னுக்குத் திருப்பினது. போகேல்லை, அங்கயே நிண்டுது. மற்ற ஆக்களும் ஓடி வரேல்லை. ஒருத்தரும் டிஷு நீட்டேல்லை, "அழாதேங்கோ அன்ரி" எண்டு சொல்லேல்லை, "அவர் நல்ல இடத்துக்குப் போட்டார்" எண்டு சொல்லேல்லை. குதிரைக்குப் பக்கத்தில ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது எண்டது அங்கத்தைச் சட்டம், அதால எல்லாரும் நிண்ட இடத்திலயே நிண்டினம். பத்து நிமிஷமோ அரை மணித்தியாலமோ தெரியாது. பிறகு லாயத்து ஐயா ஒரு பிளேன்ரீ கொண்டு வந்து வேலிக் கட்டையில வைச்சிட்டுப் போனார், ஒண்டும் சொல்லேல்லை.

அப்பத்தான் எனக்கு விளங்கினது, இது செத்தவீடு. 2021ல நடக்காத செத்தவீடு ரெண்டு வருஷம் பிந்தி பிலியந்தலைக்கு அங்கால ஒரு தென்னங்காணியில நடந்தது. ஆக்கள் வந்து சும்மா இருந்திட்டுப் போற அந்த எங்கட வழக்கத்தை, பிளாட்டும் போனும் வட்ஸ்அப் கும்பிடு படமும் தின்னுபோட்டுது, இஞ்ச குதிரை காவலுக்கு நிண்டு அதைத் திருப்பித் தருது. தனிய நான் ஒரு குதிரையோட நிண்டிருந்தா இது நடந்திருக்காது எண்டு நினைக்கிறன். ஆக்கள் வேணும். ஆக்களை வாய் மூடப் பண்ண குதிரையும் வேணும். வீட்டில ஏழு பேரை இருத்தி அரை மணித்தியாலம் கதைக்காதேங்கோ எண்டு சொல்லிப் பாருங்கோ, மூண்டாவது நிமிஷத்தில ஆரும் பெற்றோல் விலை கேப்பினம்.

இனி, இதில கண்மூடித்தனமா நம்ப வேண்டாம் எண்டதையும் நானே சொல்லிடுறன், இல்லாட்டி அடுத்த கிழமை ஆரும் டொக்டர் எனக்கு மறுப்புக் கடிதம் எழுதுவார். குதிரையால உடம்புக்குச் சுகம் எண்ட கதை பழசு. டென்மார்க்கில லிஸ் ஹார்ட்டெல் எண்ட பொம்பிளை 1944ல போலியோ வந்து முழங்காலுக்குக் கீழ அசைக்க ஏலாமப் போனவ, குதிரையில ஏற இறங்க ஆள் பிடிக்க வேணும், ஆனா 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில குதிரைப் போட்டியில வெள்ளிப் பதக்கம் எடுத்தவ. அவவைப் பார்த்துத்தான் கன நாடுகளில இயலாத ஆக்களுக்குக் குதிரைப் பயிற்சி பரவினது. மனசுக்கு எண்டு வந்தது அதுக்குப் பிறகு. அமெரிக்காவில கொலம்பியா யூனிவர்சிட்டி ஆக்கள் யுத்தத்துக்குப் போய் மனம் பாதிச்ச 63 பழைய ராணுவக்காரரை குழுக் குழுவா எட்டுக் கிழமை, கிழமைக்கு ஒண்டரை மணித்தியாலம் குதிரையளோட விட்டுப் பார்த்து 2021ல எழுதியிருக்கினம், ஓடாம, நிலத்தில நிண்டுதான். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல குறைவு தெரிஞ்சதாம். ஆனா ஒப்பிட்டுப் பார்க்க வேற ஒரு கூட்டத்தை அவை வைக்கேல்லை, அதால குதிரைதான் காரணம் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. 2014ல வந்த இன்னொரு ஆய்வு, அது வரைக்கும் வந்த ஆராய்ச்சியளை எல்லாம் சேர்த்துப் பார்த்திட்டு, ஆதாரம் காணாது எண்டுதான் சொல்லியிருக்கு. நான் இதை மறைக்கேல்லை. எனக்கு நித்திரை வருது, சோறு இறங்குது, அது குதிரையோ குளிசையோ காலமோ, மூண்டும் சேர்ந்தோ. குளிசையை விட்டிட்டுக் குதிரையிட்ட ஓடாதேங்கோ. உயிரை வெறுத்த யோசனை வாற ஆக்கள் முதல்ல 1926க்கு எடுங்கோ, அங்கொடை மனநல நிறுவகத்தின்ட இலக்கம், சனிக்கிழமை வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

இப்ப இதை வைச்சு ஏமாத்து வேலையும் தொடங்கியிருக்கு. எனக்குக் கிட்டடியில ஒரு நோட்டீஸ் வந்தது, குதிரை ஓடினா ஒட்டிசம் "பூரணமா குணமாகும்" எண்டு போட்டு, ஒரு பக்கேஜ் விலையும் போட்டு. ஒட்டிசம் என்ன காய்ச்சலோ குணமாக? எங்களோட வாற தாய் அதைப் பார்த்திட்டு சொன்னது, "என்ட பிள்ளைக்கு ஒரு மாற்றமும் வேண்டாம் அன்ரி, ஒரு மணித்தியாலம் அவன் சந்தோஷமா இருக்கிறான், எனக்கு ஒரு மணித்தியாலம் ஒருத்தரும் முறைச்சுப் பார்க்கேல்லை" எண்டு. அதை விட நல்லா எனக்கு எழுதத் தெரியாது.

அடுத்த குறை காசு. ஒரு சனிக்கிழமைக்கு நான் குடுக்கிறது என்ட பென்ஷனில கையைக் கடிக்குது, மகள் அனுப்புறபடியால் போறன். குதிரைக்குத் தீனி, லாடம், மிருக வைத்தியர் எல்லாம் செலவுதான், அவையைக் குறை சொல்லேல்லை. ஆனா கொட்டாஞ்சேனையில, வத்தளையில, மலையகத்தில இருந்து வந்து வீட்டு வேலை செய்யிற பொம்பிளையளுக்கு இது குதிரைக் கொம்புதான். மற்றது பாஷை. அந்தப் பிள்ளை தன்னால ஏலுமான தமிழில கதைக்குது, அதுக்கே நான் கும்பிடுறன், ஆனா தமிழில படிச்ச உளவளத்துணையாளர் எத்தினை பேர் எங்கட பக்கம் இருக்கினம், அவையில ஒருத்தருக்காவது இதைப் பழக ஆசை வராதோ? குதிரைதான் வேணும் எண்டும் இல்லை. மன்னார் டவுன்ல ரோட்டில திரியிற கழுதையளுக்கு ஒரு வைத்திய இடம் தொடங்கி, விசேட தேவையுள்ள பிள்ளையளை அதுகளோட பழக விட்டவை எண்டு வாசிச்சனான். கழுதை எண்டா எங்கட ஆக்களுக்கு நக்கல், ஆனா அந்தப் பிள்ளையள்ட தாய்மாரிட்ட கேளுங்கோ. ஒரு நிருபரை மன்னாருக்கு அனுப்பி அதைப் பற்றி விரிவா எழுதினீங்களெண்டா புண்ணியம்.

ஆனா ஒண்டு, இதைக் கேட்டிட்டு ஆரும் நுவரெலியா கிறகறி வாவிக்கரையில நாள் முழுக்க ஆக்களை ஏத்தி இறக்கிற மட்டக்குதிரையளைக் கொண்டு வந்து "தெரபி" எண்டு போர்ட் போட வேண்டாம். களைச்ச குதிரை ஒருத்தருக்கும் ஆறுதல் தராது. விலகிப் போக அதுக்கு இடம் இருக்க வேணும், கயிறு இல்லாம. சுதி நாலு கிழமை என்னை வேண்டாம் எண்டதாலதான் அஞ்சாங்கிழமை நிண்டதுக்கு ஒரு பெறுமதி. நெடுந்தீவுக் குதிரையளையும் அப்பிடிப் பிடிச்சுக் கட்ட வேண்டாம், அதுகளுக்குக் கோடையில குடிக்கத் தண்ணி கிடைக்க வழி பண்ணினா அதுவே காணும்.

இந்த ஆகஸ்ட் அவற்ற திவசத்துக்கு, சனிக்கிழமைக் கூட்டத்து ஆக்கள் ஆறு பேரும் வெள்ளவத்தைக்கு வாறம் எண்டு சொல்லியிருக்கினம். ஆமிக்காரர் கேட்டவர் என்ன கொண்டு வாறது எண்டு. ஒண்டும் வேண்டாம், வந்து இருந்தாக் காணும் எண்டனான். படையலுக்கு கத்தரிக்காய்க் குழம்பும் பயத்தம் பணியாரமும், அவருக்கு அதுதான் விருப்பம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

பி.கு.: இதை வாசிச்சிட்டு ஆரும் எங்கயாவது குதிரையைப் பார்க்கப் போறதெண்டா, கேக்காம ஒண்டும் தின்னக் குடுக்காதேங்கோ. குடுக்கலாம் எண்டு சொன்னா, கரட்டை வட்டம் வட்டமா வெட்டாம நீளமாக் கீறிக் குடுங்கோ, வட்டத் துண்டு தொண்டையில அடைக்கும், குதிரைக்கு அதைச் சத்தி எடுக்கத் தெரியாது. உள்ளங்கையை நல்லா விரிச்சு, பெருவிரலை ஒட்டி வைச்சுக்கொண்டு. என்ட பெருவிரல்ல இப்பவும் ஒரு தழும்பு இருக்கு.